விடுபட்ட ஓர் எண்

(வள்ளூரில் கணித ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் ஒருநாள் 60-இன் காரணிகளை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி பதினொரு காரணிகளை எழுதியிருந்தாள். 15 மட்டும் விடுபட்டிருந்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, சுழியம் கொடுத்துவிட்டேன். அதன்பின் ஒரு வாரம் அவள் கை தூக்கவே இல்லை.

அவளுடைய அப்பா எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எனவே ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் கதையை வகுப்பில் சொன்னேன்.

1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ராமானுஜன். 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1915-இல் அங்கே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது அது. 12-க்கு 6 காரணிகள், 24-க்கு 8, 36-க்கு 9, 48-க்கு 10, 60-க்கு 12. இப்படி 102 எண்களைக் கைக்கணக்காகவே பட்டியலிட்டார். கடைசி எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன்.

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஆறு லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியைத் தாண்டும் எண். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும், 29-ஆல் வகுபடாது. காரணிகளை எண்ணுவதும் எளிது. ஒரு காரணியில் 2 என்பது வராமலும் இருக்கலாம், ஆறு முறை வரையும் வரலாம்; ஆக 7 வழிகள். இப்படி ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

பகா எண்கள் 2-இல் தொடங்கி இடையில் ஒன்றும் விடுபடாமல் வருவதையும், அடுக்குகள் எங்கும் ஏறாததையும் பிள்ளைகளே கவனித்துச் சொன்னார்கள். இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பிறகு அந்த எண்ணை 23-ஆல் வகுக்கச் சொன்னேன். 293318625600 வந்தது. 5,040 காரணிகள். இதுவும் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண்தான். ஆனால் ராமானுஜனின் பட்டியலில் இது இல்லை, விடுபட்டுவிட்டது.

“ராமானுஜனே விட்டுட்டாரா டீச்சர்?” என்று அந்த மாணவி கேட்டாள். ஒரு வாரத்துக்குப் பின் அவள் பேசிய முதல் வார்த்தை.

“ஆமாம். அதனால் மற்ற 102 எண்களும் தவறாகிவிடுமா?” என்றேன்.

அவளுடைய நோட்டை வாங்கி, காரணிகளை ஜோடி சேர்க்கச் சொன்னேன். 1-உம் 60-உம், 2-உம் 30-உம், 3-உம் 20-உம்... 4 மட்டும் தனியாக நின்றது. 15-ஐ அவளே எழுதிக்கொண்டாள். வர்க்க எண்களுக்கு மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும். 60 வர்க்க எண் அல்ல. ஆகவே 11 என்ற எண்ணிக்கையே ஏதோ விடுபட்டதைக் காட்டிக்கொடுத்திருக்கும். நான் போட்ட சிவப்புக் குறி அவளுக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

இப்போதெல்லாம் குறி போடுமுன், “ஜோடி சேர்த்துப் பார்த்தாயா?” என்று கேட்கிறேன். விடுபட்டதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நீங்களும் நாளை வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.