தொடக்கப் பள்ளிக் கணக்கும் பயிற்சி ஆசிரியரும்

கழகத்தின் தொண்டினைப் பாராட்டிப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உளர். யாம் பள்ளித் தலைமையாசிரியர். நாள்தோறும் வகுப்பறையில் காண்பதையே பேச வல்லோம். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர்ந்தோரும் சேர விழைவோரும் இங்கு அமர்ந்திருப்பதால், கணக்குப் பாடத்தைக் கற்பிக்க அவர்கள் எவ்வாறு பழக வேண்டும் என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னார்கள். யாம் 35 என எழுதினோம். ஆசிரியர் பலகையைப் பார்த்துவிட்டு, "உங்கள் தெருவுக்குக் கணக்கு எதற்கடா?" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த 35 எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. ஆசிரியரான பின்னரே அதனை யாம் எண்ணிப் பார்த்தோம். 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்றும் எழுதியிருக்கிறோம். பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லித் தந்த விதியைத் தவறாமல் கடைப்பிடித்ததன் பயன் அது! இதே பிழையை எல்லாத் தெருப் பிள்ளைகளும் செய்கின்றனர். ஆனால் நம் பிள்ளை செய்தால் அதற்குச் சாதி காரணமாகிவிடுகிறது. பிழையின் காரணத்தைக் கேட்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்காத பயிற்சி, பயிற்சியே அன்று என்பது எம் துணிபு.

கற்பித்தல் பயிற்சிக்காக எம் பள்ளிக்கு வரும் மாணவ ஆசிரியர்கள் வண்ணப் படங்களும் பாடத்திட்டக் குறிப்பேடுகளும் சுமந்து வருகின்றனர். "பக்கத்திலிருந்து கடன் வாங்கு" என்று கழித்தலைச் சொல்லிக் கொடுக்கின்றனர். ஏன் அவ்வாறு செய்கிறோம் என வினவினால், "அப்படித்தான் ஐயா செய்ய வேண்டும்" என்பதே மறுமொழி. அவர்களுக்கும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது. அவர்களை நோவதிற் பயனில்லை. கடன் என்னும் சொல்லே இங்குப் பொருந்தாது. வாங்கியதைத் திருப்பித் தராத கடன் எந்த ஊரில் உண்டு? தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்குமாகப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஏழு தனி ஈர்க்கு கேளுங்கள். அது தானே ஒரு கட்டை அவிழ்க்கும். நான்கு கட்டும் பன்னிரண்டு தனியும் அதன் கண்முன் கிடக்கும். பத்து ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றுவது போன்றதே இது. எவரிடமும் எதையும் கடன் வாங்கவில்லை.

லிபிங் மா என்னும் அம்மையார் 1999இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். 23 அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று இது: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க. பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியர்களுள் பாதிப்பேர்கூடச் சரியாகச் செய்து முடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்றாண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றிருந்த சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாகச் செய்தனர். இக்கணக்கிற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றபோதும் அவர்களுள் பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்கள் உயர்கணிதம் மிகக் கற்றவரல்லர்; தாம் கற்பிக்கும் சிறு கணக்கின் வேர்வரை அறிந்தவர்கள்.

இக்கணக்கிற்குக் கதை தேடி நாம் சீனம் செல்ல வேண்டியதில்லை. ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம்? மூன்றரை முறை. பள்ளி காணாத நம் தாய்மார்கள் இதனை அறிவர். அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, காணி என 320இல் ஒரு பங்கு வரையில் எண்சுவடியை மனனம் செய்வித்தனர். அத்திண்ணையில் நம் முன்னோர்க்கு இடமில்லை. ஆயினும் களத்தில் கூலி நெல் அளக்கையில், மரக்கால் தலை தட்டியதா, குறைந்ததா என்பது எம் தந்தையாரின் கண்ணுக்குத் தப்பியதில்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது முதல் அவர் வாய்க்கணக்காகவே சொல்வார். "கணக்கு வராத கூட்டம்" என்று நம்மைச் சொன்னவர்கள் அக்களத்து மேட்டில் நின்றவர்கள்தாம்.

பட்டயம் பெற்ற பின்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு உண்டு. அதன் முதல் தாளில் 150 வினாக்களுள் 30 கணக்கிற்குரியவை. அதற்குப் படியுங்கள், வேலை வேண்டுமே! எனினும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பழக்கம், 305 என்பதை 3005 என்றெழுதும் பிள்ளையின் முன் உமக்குத் துணை வராது. முந்நூறையும் ஐந்தையும் அது காதால் கேட்டபடியே எழுதியிருக்கிறது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிதென்று சொல்லும் பிள்ளையோ நான்கு பெரிய எண் என்பதைத்தான் காண்கிறது. ஒரு தோசையை மூவர் பகிர்ந்தால் எவ்வளவு, நால்வர் பகிர்ந்தால் எவ்வளவு என்று அதனையே கேளுங்கள்.

நம் கழகத்தின் மாலை வகுப்பிற்கு நாள்தோறும் பிள்ளைகள் வருகின்றனர். பயிற்சி மாணவர்கள் விடுமுறையில் அங்கு வந்து, ஆளுக்கு ஒரு குறிப்பேட்டில் பிள்ளைகளின் தவறான விடைகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டறிந்த காரணத்தையும் குறித்து வர வேண்டுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு யாமும் வந்து உடனிருந்து பார்ப்போம். ஈர்க்குக் கட்டுகளை யாமே கொண்டு வருவோம்.