பெயரா, எண்ணிக்கையா?
(கிராமத்துப் போர் நினைவுக் கற்கள் பற்றி, ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுங்க, டெக்னிக்கலா மட்டும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். சிவில் படித்தவனைக் கூப்பிட்டு இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? கொஞ்சம் கல், கொஞ்சம் சுண்ணாம்பு வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டு உங்களில் பலருக்குத் தெரியும். மணி பார்த்திருப்பீர்கள். அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறதே, அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? 1914-19 பெரும் போருக்கு இந்த வேலூர்க் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது செய்தி. அவ்வளவுதான். அந்த 14 பேர் யார் யார்? கல்லில் இல்லை. இதே வாசகத்தில் ஊர்ப் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிய கற்கள் இந்தியாவில் பல ஊர்களில் உண்டு.

இதே போருக்கு இங்கிலாந்துக் கிராமங்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் நம்ம கல்லின் குறை தெரியும். போர்க்களத்திலிருந்து உடல்களைத் தோண்டி ஊருக்குக் கொண்டுவருவதற்கு 1915-லேயே தடை போட்டுவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் விழுந்த நாட்டிலேயேதான் புதைகுழி. பல பேருக்கு அதுவும் கிடையாது, உடலே கிடைக்கவில்லை. அம்மா போய்ப் பூ வைக்க ஓர் இடம் வேண்டுமே! அதற்காகத்தான் ஊர் ஊராகக் கல் எழுந்தது. பெரும்பாலும் ஊர்க்காரர்கள் வசூல் செய்த பணம். எங்கே வைப்பது, சிலுவையா தூணா, கல் எதற்கு, அந்தக் காசில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினால் என்ன என்று கமிட்டிக்குள் சண்டை. நம்ம ஊர்க் கோயில் கமிட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நினைவு மண்டபங்களாகவே கட்டிக்கொண்ட ஊர்களும் நிறைய.

சாமர்செட்டில் மெல்ஸ் என்று ஒரு சின்னக் கிராமம். அதற்கு நினைவுச்சின்னம் வடிவமைத்தவர் லட்யன்ஸ், புதுதில்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ். போர்ட்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு தூண், உச்சியில் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ். 1921-இல் திறந்தார்கள். பெரிய கட்டடக் கலைஞர், சின்ன ஊர். ஆனால் என்னைக் கேட்டால் அங்கே முக்கியமான வேலை தூண் அல்ல, பெயர்கள்தான். இப்படிப்பட்ட கற்களில் பல ஊர்களில் பெயர்களை அகர வரிசையில்தான் வெட்டினார்கள். கேப்டனும் சிப்பாயும் அடுத்தடுத்து நிற்பார்கள். பதவி வாரியாக எழுதிய ஊர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். சுண்ணாம்புக் கல்லில் எழுத்து வெட்டுவது சுலபம், ஆனால் மழை அதை மெல்ல மெல்லக் கரைக்கும். மங்கிய எழுத்தை மறுபடி வெட்டினால் ஒவ்வொரு தடவையும் கல் குறையும், எழுத்தின் அழகும் போகும். கிரானைட் நிற்கும், ஆனால் உளிக்கு மசியாது. இன்னொரு முறை: எழுத்தைப் பள்ளமாக வெட்டி, அடியில் சிறு துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கி, மேல்பக்கத்தைச் சமமாகச் சீவிவிடுவது. கற்களைப் பிணைக்க இரும்புக் கொக்கி வைத்த இடங்களில், துரு ஏறி இரும்பு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயருகிறதே, அதே கதைதான். பிற்காலத்தில் பழுதுபார்க்க வந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் சிமெண்டை அடைத்ததால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் பொரிந்த இடங்களும் உண்டு. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம், வேலைக்கு உதவும்.

பெயர் வெட்டுவதிலும் வஞ்சனை உண்டு. கென்ட்டில் ஷோர்ஹாம் கிராமத்தைச் சேர்ந்த தாமஸ் ஹைகேட் என்ற சிப்பாயைப் படையை விட்டு ஓடியதாக 1914 செப்டம்பர் 8-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள், தங்கள் படையே. அந்தப் போரில் இக்குற்றத்துக்காக முதலில் சுடப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய் அவர்தான். 2000-இல் ஊர்க் கல்லைப் புதுப்பித்தபோதும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று ஊர் மன்றம் முடிவு செய்தது. 2006-இல் அரசாங்கம் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது, அவருக்கும் சேர்த்து. ஒரு பெயருக்காக 90 ஆண்டு வழக்கு! பெயர் என்றால் அங்கே அத்தனை கனம்.

நம்ம ஆட்களுக்கு? 1927-இல் பிரான்சில் நவ் ஷப்பேல் கிராமத்தில் எழுப்பிய சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை வெட்டினார்கள். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. 1929-இல் ஈராக்கின் பாஸ்ராவில் திறந்த சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர், இந்திய அதிகாரிக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை. பதவி, இனம், மதம் பார்க்க மாட்டோம் என்று சொல்லி 1917-இல் தொடங்கிய அதே போர்க் கல்லறை ஆணையத்தின் வேலை இது. 2021-இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கா முதலிய இடங்களையும் சேர்த்து, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்கிறது அந்த அறிக்கை.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. வேலூர்க் கல் நிற்கும் பழைய வடஆற்காட்டுப் பக்கம், செங்கத்தை ஒட்டிய எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்மன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. தொறுச் சண்டையில் செத்த வீரன் கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. கூட நின்று கள்ளர்களைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது என்று தொல்காப்பியம் ஸ்பெசிபிகேஷனே எழுதி வைத்திருக்கிறது. நாய்க்குக்கூடப் பெயர் வெட்டிய மண்ணில், ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து மனிதனுக்கு வெறும் நம்பர்!

இடம் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுத்து ஓர் அங்குல உயரம், வரிக்கு 2 அங்குலம் என்றால் 14 பெயருக்கு 28 அங்குலம். ஓரம் விட்டு 3 அடிக்கு 2 அடிப் பலகை ஒன்று போதும். 277 பேரையும் எழுதினாலும் ஐந்து பத்தி, பத்திக்கு 56 வரி, உயரம் 9 அடி 4 அங்குலம். ஒரு சின்னச் சுவர்தான்.

பெயர்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஊர் ஊராகப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வீட்டிலாவது தாத்தாவோட அப்பா பட்டாளத்து மெடல் என்று பழைய பதக்கம் எடுத்துக் காட்டினால், முன்பக்கம் இருக்கும் ராஜா தலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அந்தப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரோடு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று அந்த வீட்டுப் பாட்டியிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.