பேச்சுக்குப் பேச்சே பதில்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் முதன்முதலாக ஏறியது ஒரு பட்டிமன்றத்துக்கு. 'கடவுள் உண்டா, இல்லையா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'இல்லை' அணி விழுந்தது. காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மாலையில் 'இல்லை' என்று முழங்கினேன். நெற்றி நிறையத் திருநீறோடு நடுவராக இருந்த தமிழ் ஐயா எங்கள் அணிக்கே பரிசு கொடுத்தார். "நல்லாப் பேசினேடா, நாளைக்குக் கோயில்ல பார்க்கலாம்" என்றார்.

அதன் அருமை வக்கீலான பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாகிஸ்தானின் முல்தான் நகரில் ஜுனைத் ஹஃபீஸ் என்று ஒரு விரிவுரையாளர். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். மத நிந்தனைக் குற்றச்சாட்டில் 2013இல் கைதானார். அவருக்காக வாதாடிய வக்கீல் ரஷீத் ரெஹ்மானை 2014 மே மாதம் அவருடைய ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2019 டிசம்பரில் விரிவுரையாளருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2017இல் மர்தான் பல்கலைக்கழக மாணவர் மஷால் கானை, வளாகத்துக்குள்ளேயே ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அதில் சக மாணவர்களும் இருந்தார்கள். அவர் மத நிந்தனை செய்ததற்கு ஆதாரமே இல்லை என்று விசாரணையில் பிறகு தெரிந்தது.

யாரோ எங்கேயோ என்று இருந்துவிட முடியாது. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் வேர் ஒன்றுதான்: 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். லாகூரில் வெளியான ஒரு நூலின் பதிப்பாளர் 1927இல் விடுதலையானார். அதில் எழுந்த கொந்தளிப்பால் அதே ஆண்டில் 295ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சட்டம் வந்தும் 1929இல் அந்தப் பதிப்பாளர் கொலையானார்!

'வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு' அவமதித்தால்தான் 295ஏ பாயும். 1957இல் நம் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றதும் அந்தச் சொற்களைச் சுட்டித்தான். பாகிஸ்தானில் 1986இல் சேர்த்த 295சி பிரிவில் எண்ணம் பற்றிய பேச்சே கிடையாது. மறைமுகமாகச் சொன்னாலும் குற்றம்; மரணம் வரை தண்டனை.

நம்மிடம் மரண தண்டனை இல்லை. அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. ஆனால் எண்ணம் தீயதா என்று கோர்ட் கடைசியில்தான் முடிவு சொல்லும். கைது முதலிலேயே வந்துவிடும். கேஸ் இழுக்கும் வருஷங்களே தண்டனைதான். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள். அந்தக் கணக்கு எந்த ரிக்கார்டிலும் ஏறாது.

"அப்போ யார் வேணும்னாலும் சாமியைத் திட்டலாமா?" என்று என் மனைவியே கேட்கிறாள். கலவரம் தூண்டினால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. மனம் புண்பட்டால் மறுத்துப் பேசலாம், எழுதலாம், எழுந்தும் போகலாம். ஸ்டேஷனுக்கு ஏன் போகணும்?

தம்பி ஒருவரிடம், அந்தப் பட்டிமன்றம் இன்னும் நடக்கிறதா என்று விசாரித்தேன். "நடக்குது சார். ஆனா இப்போ வம்பில்லாத தலைப்புதான்" என்றார். அடுத்த வருஷம் பழைய தலைப்பையே வையுங்கள். நடுவராக நான் வருகிறேன். திருநீறு பூசிக்கொண்டே வருகிறேன்.