உப்புக் காற்றில் ஓர் உருக்குக் கூடம்



புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையைக் கண்டறியாதவரும் அதன் உப்பை உண்டறிந்திருப்பர். இந்நாட்டின் அடுக்களைகளுக்குச் செல்லும் உப்பில் ஒரு பெரும்பங்கு அங்குள்ள உப்பளங்களில் விளைவது. அதனை விளைவிப்பவை வெயிலும் காற்றும். அவ்விரண்டுமே, அக்கரையில் நாம் எழுப்பும் இரும்பைத் தின்பனவும் ஆகும். உருக்குச் சட்டங்களைப் பற்றவைத்து எழுப்பப்படும் சிறு கட்டடம் ஒன்று அந்தக் காற்றில் நிலைத்து நிற்க வேண்டுமாயின் என்ன செய்தல் வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கலைப்பட்டதாரியாகிய ஒருவருக்கு இரும்பைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் வினவலாம். அரசாங்கப் பாடசாலையில் அதிபராயிருப்பவர் இலக்கியத்தை மறந்தாலும் மறக்கலாம். கூரைத் தகட்டின் கனத்தையும் சீமெந்தின் விலையையும் அறியாமல் காலந்தள்ள இயலாது.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்கே திறந்த கடல்; கிழக்கே களப்பு; நடுவே நீண்டு கிடப்பது மணல். ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் அங்குக் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அது முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது; உப்புக் காற்று அதனை எளிதில் வெல்வதில்லை. ஆயினும், கோட்டைச் சுவர்போல் ஒரு வகுப்பறையைக் கட்ட இன்று யாரிடம் பணமிருக்கின்றது? ஏழை எளியவர் வீடுகளும், அவர்தம் பிள்ளைகள் படித்த கொட்டில்களும், நெடுங்காலம் கிடுகாலேயே வேயப்பட்டன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் இம்மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். பிள்ளைகளின் தொகை திடீரெனப் பெருகிற்று. கிடுகை ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ மாற்ற வேண்டும். மரத்தைக் கறையான் விடாது. ஆகவே, சதுரக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்துச் சில நாள்களிலே நிறுத்திவிடக்கூடிய இரும்புக் கூடம் எல்லார் கண்ணுக்கும் நல்லதாகத் தோன்றியதில் வியப்பில்லை. அது உண்மையில் நல்லதுதான், பாரம் குறைந்தது, மணல் நிலத்துக்கு ஏற்றது. குறை கட்டடத்தில் இல்லை. அதனைக் கட்டும் முறையிலும், கட்டியபின் மறந்துவிடும் வழக்கத்திலுமே குறை உள்ளது.

எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு அன்பர்கள் சிலர் மனமுவந்து அளித்த கூடமொன்றை நான் அறிவேன். நாடா வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், பெயர்க்கல்லும் பதித்தார்கள். ஏழாம் ஆண்டில் ஒருநாள் மாணவன் ஒருவன் விளையாட்டாகத் தூணின் அடியைப் பேனாவினாற் குத்தினான். பேனா உள்ளே போய்விட்டது. வெளியே பச்சை வர்ணம் அழகாகவே இருந்தது. உள்ளே இரும்பு இல்லை. அந்தக் கூரையின் கீழ் நாள்தோறும் அறுபது பிள்ளைகள் அமர்ந்திருந்தனர்.

அந்தத் தூணுக்கு நேர்ந்தது யாது? இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு அங்கே தூண்டுகோலாய் நிற்கின்றது. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று ஏந்தி வந்து இரும்பின்மேற் படியவைக்கின்றது. உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கின்றது. மிகக் கடுமையான கடற்கரைச் சூழலில், காப்பில்லாத உருக்கு முதலாண்டில் மட்டும் 80 முதல் 200 மைக்குரோமீற்றர் வரை தேயும் என்பது அனைத்துலக அளவீடு. ஆயிரம் மைக்குரோமீற்றர் சேர்ந்தது ஒரு மில்லிமீற்றர். நாம் தூணுக்கு வாங்கும் குழாயின் சுவரோ பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றர். குழாயின் வாய் திறந்திருக்குமாயின் உட்புறமும் தேயும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதிலே விந்தையான செய்தி ஒன்றுண்டு. மழையில் நனையும் இரும்பைக் காட்டிலும், இறவாரத்தின் கீழே மழை படாமல் இருக்கும் இரும்பே கடற்கரையில் விரைவில் துருப்பிடிப்பதுண்டு. மழைநீர் உப்பைக் கழுவிவிடுகின்றது. நிழலிலிருக்கும் இரும்பின்மேல் படிந்த உப்போ படிந்தபடியே கிடக்கின்றது. மறைவான இடம் பாதுகாப்பானது என்று நாம் எண்ணுகின்றோம். உப்பும் மறைவிடத்தையே நாடுகின்றது.

துருவைத் தடுக்க நாகம் பூசிய குழாய்களை வாங்குகின்றார்கள். நல்ல காரியம். நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. உருகிய நாகத்தில் முக்கியெடுத்த கனத்த உருக்கின்மேல் 85 மைக்குரோமீற்றர் அளவுக்கு அதன் படலம் அமையும். கடுமையான கடற்கரையிலும் அது பத்து, இருபது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். கடையில் வாங்கும் மெல்லிய குழாயில் படலமும் மெல்லிது.

ஆனால், பற்றவைக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எனவே மின்பொறி பட்ட இடத்தில் இரும்பு ஒன்றுசேரும் முன்னரே நாகம் வெண்புகையாய்ப் பறந்துவிடுகின்றது. கட்டடத்தின் பலம் முழுவதும் எந்த மூட்டுகளில் தங்கியிருக்கின்றதோ, அந்த மூட்டுகளே காப்பின்றி வெறுமையாய் நிற்கின்றன. கடல் உட்புகும் வாசல் அதுவே. என் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

அந்த வெண்புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காண்பதுண்டு. பால் குடித்தால் போதும் என்பது பட்டறைகளில் வழங்கும் நம்பிக்கை. பால் நல்ல உணவு. புகைக்கு அது மருந்தன்று. காற்றோட்டமான இடத்தில் நின்று வேலை செய்தலும், பற்றவைக்கும் ஓரத்தில் நாகத்தை முன்னரே தேய்த்து அகற்றுதலுமே வழி. பாடசாலையிலே வேலை நடந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்பொறியின் ஒளியைக் காணப் பிள்ளைகள் ஓடிவருவர். அப்போது ஒன்றும் தோன்றாது. சில மணி நேரங்கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், நீர் வடியும். சுற்றிலும் படங்கு கட்டி மறைத்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இரும்பை இரும்போடு ஒன்றாக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. தில்லியில் ஆயிரத்து அறுநூறு ஆண்டளவாய் நிற்கும் இரும்புத் தூண், இரும்புக் கட்டிகளை உலையிற் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிச் செய்யப்பட்டதே. அது துருப்பிடிக்காமல் நிற்பதற்கு அவ்விரும்பிற் கலந்துள்ள பொசுபரசு ஒரு காரணம்; தில்லி கடலுக்குத் தொலைவில், வறண்ட காற்றில் இருப்பதும் ஒரு காரணம். மின்பொறியாற் பற்றவைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிற்று. சுவீடன் நாட்டு ஒஸ்கார் செல்பெர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்பூச்சுள்ள பற்றவைப்புக் குச்சியை உருவாக்கிய பின்னரே அது நம்பத்தக்க தொழிலாயிற்று. அந்தப் பூச்சு ஈரத்தை விரும்பி ஏற்பது. ஈரமேறிய குச்சியால் இட்ட மூட்டினுள்ளே நுண்துளைகள் விழும். கடற்கரையில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு மறுவாரம் அதே குச்சியை எடுப்பவரிடம் நான் கூடத்தை ஒப்படைக்க மாட்டேன்.

நம் கடற்கரைக்கு வடக்கே, அதே மன்னார் வளைகுடாவின் மறுமுனையில், இரும்புக்கும் உப்புக்கும் நடந்த பெரும்போர் ஒன்று உண்டு. பாம்பன் பாலத்தையே சொல்கின்றேன். 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி திறக்கப்பட்ட அப்பாலம் தறையாணிகளால் இணைக்கப்பட்டது. 1964 திசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தையும் சிதைத்தது. பொறியியலாளர் ஸ்ரீதரன் அதனை 46 நாள்களில் மீட்டெடுத்தார். புயலின் அடியை அவ்வாறு சீர்செய்ய முடிந்தது. ஆனால் உப்பு ஓசையின்றி அரித்தது. 2022 திசம்பரில் அதன்மீது இரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. அருகே எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. அதன் மூட்டுகள் பற்றவைக்கப்பட்டவை. ஆயினும் அப்பொறியியலாளர்கள் பற்றவைப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. கடற்காற்றைத் தாங்கும் உயர்தர வர்ணத்தையும், கொங்கிறீற்றுக்குள்ளே துருவேறாத உருக்குக் கம்பியையும் இட்டனர். இரண்டு கிலோமீற்றர் நீளப் பாலத்துக்கு வேண்டிய கவனம், முப்பதடி நீளக் கூடத்துக்கு வேண்டாவென்று யார் சொன்னார்கள்?

அந்த முப்பதடிக் கூடத்துக்கே வருவோம். அகலம் இருபதடி, பக்கத்துக்கு நான்காக எட்டுத் தூண்கள். இத்தகைய இலேசான கட்டடம் பாரத்தால் விழுவதைவிடக் காற்றால் பறப்பதே எளிது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் பறந்த கூரைகளை அக்காலத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னரே இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்துக் கட்டட விதிகள் வகுக்கப்பட்டன. மணிக்கு 144 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 100 கிலோகிராம் அளவு அழுத்துகின்றது. கூரையின் மேலே அதே காற்று உறிஞ்சியிழுக்கும். நம் கூரையின் பரப்பு 56 சதுர மீற்றர். ஆகவே, மேல்நோக்கி இழுக்கும் விசை ஐந்தரைத் தொன்னுக்கு மேல். சட்டமும் தகடும் சேர்ந்து ஒன்றரைத் தொன் இருப்பதே அரிது. எஞ்சிய நான்கு தொன்னையும் பிடித்து வைக்க வேண்டியவை தூண்களின் அடியிலுள்ள கொங்கிறீற்றுக் கட்டிகளே. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டரை அடியாக வார்த்த கட்டி ஒரு தொன் நிறை இருக்கும். எட்டுத் தூணுக்கும் எட்டுத் தொன், இருமடங்கு காப்பு. இது மட்டான கணக்கே. பக்கங்கள் திறந்த கூடமானால் காற்று உள்ளே புகுந்தும் தூக்கும். பொறியியலாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கையொப்பம் பெறுவதே முறை.

அக்கொங்கிறீற்றைக் கடல் நீராலும் கடற்கரை மணலாலும் குழைத்தல் ஆகாது. உப்பை நாமே அழைத்து உள்ளே வைத்ததாகும். தூணை மணலில் நேரே புதைப்பது அதனிலும் கேடு. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த விரற்கடை உயரத்திலேயே தூண் அறும். தரைக்கு மேல் ஒரு சாண் உயரம் கொங்கிறீற்றை எழுப்பி, நீர் வழிந்தோடச் சாய்வு கொடுத்து, அதன்மேல் கனத்த தகடு வைத்துத் தூணை நிறுத்த வேண்டும். குழாய்களின் வாய்களைத் தகடிட்டு அடைக்க வேண்டும்.

வசதியுள்ளவர்க்கு எனது பரிந்துரை வேறு: சட்டங்களைப் பட்டறையிலேயே பற்றவைத்து முடித்து, அதன்பின் நாகத் தொட்டியில் முழுதாக முக்கியெடுத்து, கட்டுமிடத்தில் திருகாணியால் மட்டும் பூட்டுதல். அப்போது கடலுக்குத் திறந்த மூட்டு ஒன்றும் இராது. (முக்கும் குழாயில் மட்டும் காற்றுப் போக்குத் துளைகள் வேண்டும்; அடைபட்ட குழாய் 450 பாகை வெப்பத்தில் வெடித்துவிடும்.) செலவு கூடும்; தொலைதூரம் ஏற்றிச்செல்லவும் நேரும். அது இயலாதவர் மூட்டுகளை இவ்வாறு பேணலாம். பற்றவைத்த இடத்தின் மேற்படியும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, நன்னீரால் கழுவி உலர்த்தி, அன்றைக்கே நாகத்தூள் நிறைந்த வர்ணத்தைப் பூச வேண்டும்; அதன்மேலேயே மற்றைப் பூச்சுகள். கழுவாமற் பூசினால் வர்ணத்தின் கீழே அடைபட்ட உப்பு மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டேயிருக்கும். மறுநாட் பூசலாம் என்பவரும் உண்டு. மறுநாட் காலையில் அவ்விடம் செம்மை படர்ந்திருப்பதை அவரே காண்பார்.

கட்டி முடித்தபின் வருவதே கடினமான பகுதி. கூடம் கொடுக்கப் பலர் முன்வருவர். ஐந்தாண்டு கழித்து ஒரு வாளி வர்ணம் கொடுக்க எவரையும் தேடிப்பிடிக்க முடிவதில்லை. வர்ண வாளியில் யாருடைய பெயரையும் பொறிக்க இடமில்லை போலும்! ஆகையால், அன்பளிப்பு ஏற்கும்போதே, கட்டடச் செலவில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வைப்பிலிடும்படி அதிபர்கள் கேட்பது தகும். கேட்பதற்குக் கூச்சமாயிருக்கலாம். தூணைப் பேனாவாற் குத்திய அந்தப் பிள்ளையை நினைத்தால் கூச்சம் அகலும்.

வேலைக்கு ஏற்ற காலத்தையும் சொல்லிவிடுகின்றேன். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே வீசும். அக்காற்று ஓய்ந்து, ஐப்பசி மழைக்குமுன் ஒருநாள் இறவாரத்தின் கீழ்ப்புறத்தையும் மூட்டுகளையும் கிணற்று நன்னீரால் கழுவிவிட வேண்டும். தூணின் அடிகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் அன்றைக்கே ஆகட்டும். கணீரென்று ஒலிக்காத தூணைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த இடங்களைச் சுரண்டி வர்ணம் பூச, சித்திரை விடுமுறை வசதியானது; வகுப்பறைகளில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், காற்றும் இன்னும் எழுந்திராது.