சுவருக்குள் ஒரு தேன்குடி



யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுவர்கள் மிகத் தடித்தவை. யன்னல் நிலைக்கும் கல்லுக்கும் இடையே சாந்து உதிர்ந்து, விரல் நுழையும் அளவு துளை ஒன்று விழுந்துவிட்டால் போதும். உள்ளேயுள்ள பொந்தை மனிதர் அறியுமுன் தேனீ அறிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. என் தாயார், "இலக்குமி வந்திருக்கிறாள்" என்றார். தமையனாரோ மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடினார். நான் இருவர் சொல்லையும் கேளாது, பூச்சிமருந்து அடிப்பவர் ஒருவரை அழைத்து வந்தேன். நான் செய்த பிழை அதுவே.

அன்று மாலை தேனீக்கள் மடிந்தன. விடயம் முடிந்ததென்று நினைத்தோம். சில நாட்களின் பின் சுவரில் ஈரம் படர்ந்தது, பிறகு கசிந்தது, எறும்புகள் சாரை சாரையாக வந்தன, அதன்பின் எழுந்த நாற்றத்தைச் சொல்லவும் வேண்டுமோ! காரணம் எளிது. உயிரோடுள்ள தேனீக்கள் புழு வளரும் அடைகளைச் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பத்திலே காத்து, வெயில் மிகும்போது சிறகால் விசிறிக் குளிர்விக்கின்றன. அக்காவல் நீங்கியதும் மெழுகு இளகி அடை தொய்கிறது, தேன் ஒழுகிப் புளிக்கிறது, புழுக்கள் அழுகுகின்றன, எஞ்சிய அடையை மெழுகு அந்துப்பூச்சி அரிக்கிறது. நஞ்சு கலந்த அத்தேனை மனிதர் உண்ணலாகாது. அதைக் கொள்ளையிட வரும் அயற்கூட்டுத் தேனீக்களும் சாகும்.

இறுதியில் சுவரை உடைத்தே துப்புரவு செய்தோம். ஆயினும் பழைய மெழுகின் வாசனை கல்லிலே தங்கிவிட்டது போலும். புது இடம் தேடும் வேவுத் தேனீக்களுக்கு அவ்வாசனை ஓர் அழைப்பு. மறு ஆண்டு அதே துளையில் வேறொரு கூட்டம் குடிபுகுந்தது.

இம்முறை தேனீ வளர்க்கும் முதியவர் ஒருவரிடம் போனேன். அவர் முதலிற் கேட்ட கேள்வி, "என்ன சாதித் தேனீ, தம்பி?" என்பதே. நம் நாட்டில் தேனீக்கள் மூவகை. பாறையிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ஒற்றைப் பேரடையைத் திறந்த வெளியில் தொங்கவிடுவது மலைத்தேனீ. சிகிரியாவுக்குப் போனவர்கள் அதனை அறிவர். கலைந்தால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். அது தண்ணீர்த் தாங்கியிற் கட்டியிருந்தால் நாம் கைவைக்கலாகாது. பருவம் முடிந்ததும் தானே இடம்பெயர்ந்துவிடும். செடிகளில் உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. இருட்பொந்தில் அடுக்கடுக்காகப் பல அடைகள் கட்டுவது மூன்றாவது வகை. அதனையே பெட்டியில் வளர்க்க முடியும். எங்கள் சுவரில் இருந்தது அது.

வெளியே போன தேனீக்கள் வீடு திரும்பும் மாலைப்பொழுதில் பெரியவர் வந்தார். முகவலை அணிந்து, தும்பு புகையும் கலத்தால் துளையில் மெல்லப் புகையூட்டினார். ஒரு தேனீ கொட்டினால் வாழைப்பழம் போன்றதொரு மணம் எழுந்து மற்றவற்றையும் கொட்ட அழைக்கும். புகை அம்மணத்தை மறைக்கிறது. புகை கண்ட தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துச் சாந்தமும் அடைகின்றன. பின்னர் நிலையோரத்துச் சாந்தைப் பெயர்த்தார். ஏழு அடைகள் இருந்தன. புழுவுள்ள அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, மேற்பக்கம் மேலேயே இருக்குமாறு மரச்சட்டத்திற் பொருத்தி வாழைநாரினாற் கட்டினார். சில நாட்களில் தேனீக்களே மெழுகால் ஒட்டி, நாரைக் கடித்து நீக்கிவிடுமாம். தேனடைகளைப் பெட்டியில் வைக்கவில்லை. ஒழுகும் தேன் எறும்பை அழைக்கும்.

எடுத்து மாற்றக்கூடிய இச்சட்டங்களுக்கு அடிப்படையான உண்மையை 1851 இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ரோத் பாதிரியார் கண்டார். தேனீ நடமாடுவதற்கு வேண்டிய சிறு இடைவெளியை விட்டால், அதனை அவை அடை கட்டி மூடுவதில்லை என்பதே அது. நம் பகுதித் தேனீயின் உடலுக்கேற்ற சிறு பெட்டியைத் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் பின்னர் அமைத்தார்.

எல்லாவற்றினும் கடினம் இராணியைக் காண்பது. ஐந்தாம் அடையின் பின்னே அவளைக் கண்டதும், பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டு, வலையிட்ட சிறு மூங்கிற் குழாயினுள் மெல்லச் செலுத்திப் பெட்டியில் வைத்தார். சிறிது நேரத்தில் பெட்டி வாசலிலே சில தேனீக்கள் வயிற்று நுனியை உயர்த்திச் சிறகடித்து மணம் பரப்பின. சுவரில் இருந்தவை சாரிசாரியாக உள்ளே நடந்தன. அக்காட்சிக்காக எத்தனை கொட்டும் வாங்கலாம் என்று தோன்றியது. நான் வாங்கியவை நான்கு. கொடுக்கைத் தாமதியாது நகத்தாற் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எவருக்காவது மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்த்து நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரவு வாசலை அடைத்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அவருடைய தோட்டத்திற்குப் பெட்டி போயிற்று. அருகே வைத்திருந்தால் உணவு தேடப் போனவை பழைய துளைக்கே திரும்பியிருக்கும். இவ்வினத் தேனீ சற்று மனம் கோணினாலும் கூட்டோடு ஓடிவிடும் இயல்பினது. ஆகையால் அங்கே இராணியைக் குழாயிலிருந்து விடுவித்தபின், வேலைத் தேனீ மட்டும் நுழையக்கூடிய துளைத்தகட்டை வாசலில் ஒரு வாரம் பொருத்தி வைத்தார், சீனிப்பாகும் கொடுத்தார். நான்காம் நாள் நான் போனபோது, கால்களில் மஞ்சள் மகரந்தம் சுமந்து அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன.

பொந்திலிருந்த மெழுகையெல்லாம் சுரண்டிக் கழுவி, கல்லிட்டு நிரப்பிச் சாந்து பூசினேன். அதன்பின் எதுவும் வரவில்லை. தாயார் மட்டும், இலக்குமியைப் பெட்டியில் அடைத்து அயலூருக்கு அனுப்பிவிட்டாயே என்று இன்றும் குறை சொல்லுகிறார்.