கொடிக்கயிறு



பாறை ஏறச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஏற்றம் கிடையாது, இறக்கம்தான். நாற்பதடிப் பாறையின் விளிம்பில், இடுப்புப் பட்டையில் கயிற்றைப் பூட்டி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, "பின்னால் சாய்" என்பேன். நன்றாகச் சாய்ந்தால்தான் கால் பாறையில் பிடிக்கும். பயந்து பாறையோடு ஒட்டினால் கால் வழுக்கும், முழங்கால் தேயும். பையன்கள் பெரும்பாலும் சாய்ந்துவிடுகிறார்கள். பெண்கள் பலர் ஒட்டிக்கொள்கிறார்கள். உடல் பலம் போதாது என்பார்கள். சாய்வதற்கு என்ன பலம் வேண்டும்?

எங்கள் ஊரில் மோட்டார் ரூம் மேலேறி அண்ணன் கிணற்றில் குதிப்பான். நான் துவைக்கிற கல்லில் அவன் சட்டையை அலசிக்கொண்டிருப்பேன். எங்களுக்குள் வயது வித்தியாசம் ஒன்றுதான். விழுந்த கணக்கைப் பார்த்தால் ஆயிரம் இருக்கும். எனக்குக் கிடைத்ததெல்லாம் "பார்த்து, விழுந்துடாதே" மட்டும்தான்.

காசு இருந்தால் இது மாறுமா? கொஞ்சம் மாறும். 1871-இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிய முதல் பெண் லூசி வாக்கர், லிவர்பூல் வியாபாரியின் மகள். அப்பாவே மலையேறுகிறவர், மகளையும் கூட்டிப்போனார். ஆனால் லண்டன் ஆல்பைன் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1974-இல்தான்.

காசில்லாதவர் கதை இன்னொன்று. ஜோ பிரவுன் மான்செஸ்டரில் வறுமையில் வளர்ந்தவர், பிளம்பர் வேலை பழகியவர். பையனாக அவர் பாறைக்குக் கொண்டுபோன கயிறு, அம்மா கழித்துப்போட்ட கொடிக்கயிறு. அதில் தொங்கித் தப்பித்ததே பெரிய விஷயம். 1955 மே 25-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் படித்த ஜார்ஜ் பேண்டோடு சேர்ந்து, அதுவரை யாரும் ஏறாத கஞ்சன்ஜங்காவில் ஏறினார். சிக்கிம் மக்கள் புனிதமாக மதிக்கும் உச்சியை மிதிக்காமல், சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். எனக்கு அந்தக் கயிற்றின் மேல்தான் கண். ஏழை வீடுதான், ஆனாலும் பையன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு முழுக்கக் காணாமல் போகலாம். அந்தத் தெருவில் ஒரு பெண் பிள்ளை எடுத்திருந்தால், "துணி காயப்போட வேண்டாமா, வை" என்றிருப்பார்கள்.

அதே மே 25, 2014. தெலங்கானாவின் மாளவத் பூர்ணா எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது வயது பதிமூன்று ஆண்டு பதினோரு மாதம். பெற்றோர் விவசாயக் கூலிகள், பழங்குடிக் குடும்பம். காசும் இல்லை, மலையேறும் அப்பாவும் இல்லை. அரசின் சமூகநல உறைவிடப் பள்ளி இருந்தது. புவனகிரிக் கோட்டைப் பாறையில் பிள்ளைகளை ஏற்றிப் பார்த்தார்கள். தேறியவர்களைப் பயிற்சிக்கு டார்ஜிலிங் அனுப்பினார்கள். கடைசியில் பூர்ணாவும் ஆனந்த் குமார் என்ற பையனும் திபெத் பக்கமாக ஏறினார்கள். நேபாளப் பக்கம் பதினாறு வயதுக்குக் கீழே அனுமதியில்லை. பெண் பிள்ளைக்குச் செலவழிக்கப் பணம், வீட்டு வேலையிலிருந்து விடுப்பு, விழுந்தால் பிடிக்கக் கயிறு: மூன்றையும் ஒரு பள்ளிக்கூடம் கொடுத்தது. அதைத் தனிமனித சாதனை என்று மட்டும் சொல்லிக் கைதட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 18-இல் நேபாளப் பக்கம் பனிச்சரிவில் பதினாறு பேர் இறந்தார்கள். எல்லாரும் மற்றவர்களுக்காகப் பாதை போட்டுச் சுமை ஏற்றிய தொழிலாளிகள். அதே பனியில் காசு கட்டிப் போனால் சாகசம், காசு வாங்கிப் போனால் கூலி.

இன்று பட்டம் வாங்கும் உங்களில் சிலர் நாளை ஆளெடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவீர்கள். எதிரே ஒரு பெண், வீட்டில் முதல் பட்டதாரி, பதில் தெரிந்தும் தயங்குவாள். "தன்னம்பிக்கை போதாது" என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, அவள் இதுவரை எங்கே விழ முடிந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

போன மாதம் அண்ணன் மகள் என்னிடம் வகுப்புக்கு வந்தாள். காலையிலேயே அண்ணன் போன்: "பார்த்துக்கோ, விழுந்துடப் போறா." மோட்டார் ரூம் ஞாபகம் இருக்கா என்றேன். "அது வேற" என்றான். அவள் மூன்று முறை பாறையோடு ஒட்டிக்கொண்டாள். நாலாவது முறை விளிம்பில் நின்று, கண்ணை இறுக்கி மூடி, சாய்ந்தாள். ராத்திரி அண்ணன் திரும்பக் கூப்பிட்டான். நல்லா இறங்கினா என்றேன். இரண்டு முழங்காலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை நான் சொல்லவில்லை.