நாங்கள் செய்த இரவு விமானம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மேசையில் இருக்கும் இந்த விமானத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேர் சேர்ந்து செய்தது. நூலகத்துக்கு ஏதாவது கொடுக்கலாம் என்ற பேச்சு குத்துவிளக்கு, மணிக்கூடு என்றுதான் தொடங்கியது. கனடாவில் இருக்கும் தோழி, தன் மகன் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பெட்டியை அனுப்பினாள். உள்ளே பிரிஸ்டல் போஃபைட்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் இருட்டில் பறந்து குண்டுவீச்சு விமானங்களை மறித்த பிரிட்டிஷ் விமானம். பெட்டியைச் செய்ததோ ஜப்பானின் தமியா கம்பனி. “குண்டு போட வந்தவனே அத மறிச்ச பிளேனையும் செஞ்சி விக்கிறானா?” என்று எங்களில் ஒருத்தியின் அம்மா சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு வீசினர். 1943 ஒக்டோபரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 89ஆம் அணி இந்த விமானங்களோடு வவுனியாவுக்கு வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு நம் ஆட்களில் எத்தனையோ குடும்பங்கள் போய்ச் சேர்ந்த அதே வவுனியா.

எங்கள் ஐவரில் ஒருத்தியின் குடும்பமும் அப்படிப் போனதுதான். பிறகு அவள் கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டாள். பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றாள். “பிளேன் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியவள் நான். பள்ளிக்கூடத்தில் எதற்கடி யுத்த விமானம்?” எங்களிடம் பதில் இல்லை. பெட்டி ஆறு வாரம் மூடியே கிடந்தது.

பிறகு ஒருநாள் கல்கத்தாக் கதையை அவளுக்குச் சொன்னோம். 1943 ஜனவரி 15 இரவு பிரிங் என்ற சார்ஜன்ட், இதே வகை விமானத்தில் ஏறி, நகரத்துக்கு வந்த மூன்று குண்டுவீச்சு விமானங்களை ஒரே பறப்பில் வீழ்த்தினார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அவர்களுக்கு மறிக்க ஒன்று இருந்திருக்கிறது” என்றாள்.

அடுத்து எந்த வேலை தனக்கு என்று கேட்டாள். பின் ஆசனத்தைக் கொடுத்தோம். இந்த விமானத்தில் இருவர்தான். ஓட்டுபவருக்கு இருட்டில் எதுவும் தெரியாது. பின்னால், தனிக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவர்தான் ரேடார் திரையைப் பார்த்து, இடம், வலம், இன்னும் கிட்ட என்று சொல்லிக்கொண்டே போவார். கடைசியில்தான் ஓட்டுபவர் கண்ணால் கண்டு சுடுவார். அந்த ஆசனத்துக்குத் தேயிலைப் பைக்கற்றின் ஈயத்தாளை நறுக்கிப் பட்டி வைத்தாள். இருத்த ஓர் உருவம் வேண்டாமா என்றதற்கு, வெறுமையாக இருக்கட்டும் என்றாள். அப்படியே விட்டோம்.

ரேடார் இரகசியமாக இருந்த காலம் அது. கன்னிங்ஹாம் என்ற விமானி இரவில் அத்தனை விமானங்களை வீழ்த்துவதற்குக் காரணம் அவர் தின்னும் கரட்தான் என்று பிரிட்டனில் கதை பரப்பினார்கள். நம் தோட்டத்துக் கரட்டுக்கு அப்படி ஒரு விளம்பரம் கிடைத்ததில்லை!

அசல் விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி ஏறக்குறைய 58 அடி. பத்தடி லயக் காம்பராக்கள் ஆறை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். இது அதில் 48இல் ஒரு பங்கு, 37 சென்டிமீற்றர்கூட இல்லை. ஒட்டுவது கஷ்டமில்லை. வர்ணம்தான் எங்களைப் படுத்தியது. ஜூலையில் கடைசிப் பூச்சு அடித்தோம். டயகமப் பக்கமிருந்து இறங்கிய மூடுபனியின் ஈரம் பட்டு, விடிந்தபோது விமானம் முழுக்க மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. அவ்வளவையும் நீர்த்தாளால் தேய்த்து எடுத்து, வெயில் வரட்டும் என்று பெப்ரவரி வரை காத்திருந்தோம். அக்கரப்பத்தனையில் இருந்துகொண்டு இதை முதலிலேயே யோசிக்காதது எங்கள் புத்தி.

சிறகில் உள்ள வட்டச் சின்னத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பெட்டியில் வந்ததில் நடுவே சிவப்புப் புள்ளி. நம் பக்கத்து வானத்திலோ, ஜப்பானியரின் சிவப்பு வட்டமென்று சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று சிவப்பை நீக்கியிருந்தார்கள். நாங்களும் வெளிர்நீலத்தால் மூடினோம். பார்த்துக்கொண்டிருந்த அதே அம்மா, “பொட்ட அழிக்கிறீங்களா புள்ள?” என்று கேட்டார். தூரிகை பிடித்திருந்தவளின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது.

நாளை முதல் இது நூலகக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும். சாவி நூலக ஆசிரியையிடம். தங்கச்சிமார் எடுத்துப் பார்க்கலாம், பின் கூண்டுக்குள் டோர்ச் அடித்தால் பட்டி தெரியும். மூக்கில் அம்புபோல் நீட்டியிருக்கும் அண்டெனாவை மட்டும் தொடாதீர்கள். இரண்டு தரம் உடைந்து இரண்டு தரம் செய்தோம். மூன்றாம் தரம் செய்ய எங்களில் யாருக்கும் கண் போதாது.